செல்வி வாங்குறேன்

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அது நடந்து போகாது. கடல் பக்கத்துக் கடைசிப் பாத்தியிலிருந்து ரோட்டோரக் கொட்டகைக்கு வரப்பு வழியே வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த வெயிலில் ஒரு சேதிக்காக யார் நடப்பது? சொல்ல வேண்டியவள் நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். கேட்டவள் அதை வாங்கி, முகத்தை மேற்கே திருப்பி அடுத்தவளுக்குக் கொடுப்பாள். அவள் அதற்கடுத்தவளுக்கு. ஏழெட்டு வாய் மாறினால் கொட்டகை வந்துவிடும்.

‘வாங்கிக் கொடுக்கிறது’ என்று அதற்குப் பெயர். அதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. வாங்கின பேச்சில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருத்தி, குடிதண்ணீர் தீர்ந்துபோன எரிச்சலில், “அந்தச் சோம்பேறிகிட்ட ஒரு கொடம் தண்ணி குடுத்தனுப்பு” என்று தன் வீட்டுக்காரனைச் சொல்லிவிட்டாள். ஏழு பெண்களும் அந்தச் சோம்பேறியைச் சிந்தாமல் சிதறாமல் கொட்டகை வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த மனுஷன் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இன்னொரு கட்டுப்பாடு பலகை. உப்பை வாரி ஒதுக்குகிற நீளக் கம்புப் பலகை எல்லார் கையிலும் இருக்கும். பேச்சை வாங்குகிறவள் முதலில் பலகையைத் தலைக்கு மேலே தூக்குவாள். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் வாயைக் கட்டிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் கூவி ஒன்றும் புரியாமல் போகும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்தது கிடையாது. பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

இப்படிப் பேச்சை வாங்கிக் கொடுப்பதில் ஆரோக்கியசெல்விக்கு ஈடு ஒருத்தி இல்லை என்று அந்த அளத்தில் எல்லாரும் சொல்வார்கள். ஆள் என்னவோ ஒல்லிதான். குரல் மட்டும் கோயில் மணி. மற்றவர்கள் ஒரு பாத்தி தள்ளிக் கொடுத்தால் அவள் மூன்று பாத்தி தள்ளிக் கொடுப்பாள்.

அந்தக் குரல் ஒரே நாளில் போய்விட்டது.

கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் யாருக்குத்தான் மறந்திருக்கும். கழிமுனைக் குப்பத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய், அதன்மேல் மதகுப் பாலம். பாலத்தின் நடுப்பகுதியை அலை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. போலீஸ் ஜீப் வந்து மேற்குக் கரையில் நின்றது. தீயணைப்பு வண்டி வடக்கே சுற்றிக் கடலோரமாகவே வந்து கிழக்குக் கரையில் நின்றது. இரண்டிலும் வயர்லெஸ் செட் இருந்தது. போலீஸ் செட்டு விழுப்புரத்தோடு பேசும். தீயணைப்பு செட்டு திண்டிவனத்தோடு பேசும். எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. அதற்கு ஒரு சேனல், இதற்கு ஒரு சேனல். ஒரு வீட்டில் பிறந்து பேச்சுவார்த்தை இல்லாமல் போன அண்ணன் தம்பி மாதிரி நின்றன.

எந்த வீட்டுக் கூரையில் ஆள் இருக்கிறது என்பது கிழக்குக் கரைக்குத் தெரியும். படகும் கயிறும் எப்போது வரும் என்பது மேற்குக் கரைக்குத் தெரியும். நடுவில் தண்ணீரின் இரைச்சல், என்ஜின் இரைச்சல், அழுகை. பூசை முடிந்து வந்துகொண்டிருந்த செல்வி அதைப் பார்த்தாள். உடைந்த பாலத்தில் மிச்சம் நின்ற கல்தூண் மேல் ஏறி நின்றுகொண்டாள். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் கிழக்கிலிருந்து வாங்கி மேற்கே கொடுத்தாள், மேற்கிலிருந்து வாங்கிக் கிழக்கே கொடுத்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படிக் கூரைகளிலிருந்து இறங்கினவர்கள் பதினோரு பேர். போனவர்களைப் பற்றி இங்கே பேச எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பதினோரு பேரை மட்டும் நினைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

ஒரு மணிக்குத் தூணிலிருந்து இறங்கியபோது அவள் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. பிறகு குரல் கொஞ்சம் திரும்பியது, ஆனால் கரகரவென்று, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. பாண்டிச்சேரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இனி இவ்வளவுதானம்மா, கத்தவே கூடாது என்றார்.

கூலி வேலைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. கை இருக்கிறது, பலகை இருக்கிறது. ஆனால் அளத்தில் ஒரு பேச்சு கிழக்கிலிருந்து கிளம்பி அவள் வரிசைக்கு வரும்போது செல்வி குனிந்துகொள்வாள். கொடுக்க முடியாதவள் எப்படிப் பலகை தூக்குவது? பேச்சு அவள் தலைக்கு மேலே தாண்டி அடுத்தவளுக்குப் போய்விடும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய நாத்தனார் லூர்துமேரிகூட, எதையும் வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அன்றைக்கு மேற்குக் கரையில் ஜீப்பில் உட்கார்ந்திருந்த ஏட்டு காசிலிங்கம் அந்தத் தூணை மறக்கவில்லை. மனு எழுதினார். ஆபத்து வேளையில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், குப்பத்து ஜனம் எல்லாரும் ஒரே சேனலில் பேச வழி செய்ய வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். அதற்குப் பதில் வராமல் இன்னொன்று எழுதினார். நாலாவது மனுவுக்கு வழி பிறந்தது. 2006-இல் மாசி மாதம் வானூரில் ஒரு கூட்டம் போட்டார்கள்.

சேனல் விஷயம் அரை மணியில் முடிந்தது. ஒவ்வொருவருடைய சேனலும் அவரவருக்கே இருக்கட்டும், எல்லா செட்டிலும் ‘பொது’ என்று ஒன்று கூடுதலாக இருக்கட்டும், ஆபத்து என்றால் எல்லாரும் அதற்கு வந்துவிட வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். சண்டை வந்தது எப்படிப் பேசுவது என்பதில்தான். பேசி முடித்தால் போலீஸ்காரர்கள் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்வார்களாம், தீயணைப்புக்காரர்கள் வேறொன்று சொல்வார்களாம், ஆம்புலன்ஸ்காரர்கள் நம்பரில் பேசுவார்களாம். யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரண்டு முறை டீ வந்து போனது. கடைசி பெஞ்சில் கழிமுனைக் குப்பத்திலிருந்து போயிருந்த தெய்வநாயகி எழுந்து நின்றாள். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள், அவளுக்குக் கூச்சம் கிடையாது.

“ஏங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கேட்டுட்டா ‘சரி’ன்னு சொல்லுங்க. இதுக்கு மேல என்னா வேணும்? எனக்கு பஸ்ஸு போயிடும்.”

அதுதான் முடிவாயிற்று.

எட்டு செட்டு பொதுச் சேனலுக்கு வந்தன. ஜீப்பில் ஒன்று, தீயணைப்பு வண்டியில் ஒன்று, ஆம்புலன்ஸில் ஒன்று. தெய்வநாயகி கையில் ஒன்று, பக்கத்துக் குப்பங்களில் இரண்டு, உப்புக் கொட்டகையில் கணக்கப்பிள்ளை இருசப்பனிடம் ஒன்று. எட்டாவது செட்டை அளத்துக்கு நடுவில் வேலை செய்கிற ஆரோக்கியசெல்விக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று காசிலிங்கம் பிடிவாதமாக இருந்தார். மாவட்டத்திலிருந்து வந்திருந்த பயிற்சி அதிகாரி பூங்குழலி மேடம், அந்த அம்மாவுக்குக் குரலே இல்லை என்கிறார்களே என்று கேட்டார்.

“செட்டுக்குக் குரல் வேணாம் மேடம்,” என்றார் காசிலிங்கம். “வாய் இருந்தா போதும்.”

பயிற்சி ஒத்திகை வரைக்கும் வைத்துக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம் என்று மேடம் விட்டுவிட்டார்.

செட்டில் சேனலைத் திருகுகிற குமிழில் ‘பொது’ எங்கே வருகிறது என்று எல்லாருக்கும் குழம்பியது. தெய்வநாயகி தன் மகளுடைய நகப்பாலிஷை எடுத்து வந்து அந்த இடத்தில் ரோஸ் கலரில் ஒரு பொட்டு வைத்தாள். அது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று கொட்டகை செட்டுக்கும் வைத்தார்கள், ஆம்புலன்ஸுக்கும் வைத்தார்கள். தீயணைப்பு வண்டியின் தட்சணாமூர்த்தி மட்டும், சர்க்கார் சாமானுக்கு நகப்பாலிஷா என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் வண்டியைக் குப்பத்து வாசலில் நிறுத்தி, செட்டை ஜன்னல் வழியே நீட்டினார்.

தினமும் காலை ஏழு மணிக்குக் காசிலிங்கம் பேர் கூப்பிடுவார். “செல்வி.” வரப்பில் நின்றபடி அவள் பட்டனை அழுத்துவாள். “செல்வி, சரி.” கரகரத்த அந்தச் சொல் குப்பத்திலும் ரோட்டிலும் கொட்டகையிலும் மற்ற எல்லார் குரலும் எந்த அளவுக்குக் கேட்குமோ அதே அளவுக்குக் கேட்கும். முதல் நாள் அதைச் சொல்லிவிட்டு அவள் கொட்டகைக்கே நடந்து வந்தாள். இருசப்பனிடம், நான் பேசினது இதில் கேட்டதா என்று கேட்டாள். கேட்டுது என்றார். எப்படிக் கேட்டது என்றாள்.

“பக்கத்துல குந்திப் பேசற மாதிரி இருந்துது, போ,” என்றார் அவர். அரை மணி நேரம் நடந்து வந்தது இதற்குத்தானா என்றும் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தாள். அவளுக்கு அது போதும். செட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள்.

ஆனி மாதத்தில் ஒத்திகை வந்தது. குப்பத்தில் ஒருத்திக்குக் காலில் அடிபட்டு ரத்தம் நிற்கவில்லை என்று வைத்துக்கொண்டு, சேதி கிளம்பிப் பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் மதகுப் பாலத்துக்கு வர வேண்டும். அதுதான் பரீட்சை. அடிபட்டவளாகப் படுக்கக் குப்பத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடல் ஒரு தடவை எடுத்தது போதும், நாமாகப் போய்ப் படுப்பதா என்றார்கள். கடைசியில் ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து, புடவை சுற்றி, பாலத்தடியில் படுக்க வைத்தார்கள்.

எட்டு மணிக்குத் தெய்வநாயகி பட்டனை அழுத்திச் சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

செல்வி கேட்டாள். கேட்ட பேச்சை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. பட்டனை அழுத்தி, வாங்கினதை அப்படியே கொடுத்தாள். அதே நொடியில் கொட்டகையில் இருசப்பனும் அழுத்திக் கொடுத்தார். அவரும் சின்ன வயசில் அளத்தில் பலகை பிடித்தவர்தான். பக்கத்துக் குப்பத்து ஆட்கள் இரண்டு பேரும் கோடைக்குக் கோடை அளத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்களும் கொடுத்தார்கள். நாலு பேர் ஒன்றாகப் பேசினால் செட்டு என்ன செய்யும்? கர்ரென்று ஒரு இரைச்சல். அது அடங்கியதும், பேச்சு போய்ச் சேரவில்லையே என்று நாலு பேரும் மறுபடி அழுத்தினார்கள். மறுபடி இரைச்சல். கையை எடுங்கள் என்று காசிலிங்கம் கத்தினது அந்த இரைச்சலில் ஐந்தாவதாகப் போய்ச் சேர்ந்தது.

மூன்று மாதமாகக் காலையில் பேர் கூப்பிட்டுப் பார்த்தபோது இது வெளியே வரவில்லை. பேர் கூப்பிட்டால் பதில் சொல்வதோடு சரி. கொடுக்க வேண்டிய பேச்சு என்று ஒன்று அதுவரை வரவே இல்லை.

ஆம்புலன்ஸ் எங்கே போவதென்று தெரியாமல் ரோட்டிலேயே நின்றது. நாற்பத்திரண்டு நிமிஷம் கழித்து வந்தது. அதுவரைக்கும் உப்பு மூட்டை வெயிலில் பொறுமையாகக் கிடந்தது.

மத்தியானம் கொட்டகையில் எல்லாரும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தார்கள். பூங்குழலி மேடம் நல்ல மனுஷி, குரலை உயர்த்தவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். பொதுச் சேனல் மூன்று இலாகாவுக்கு மட்டும் இருக்கட்டும். ஜனங்களிடம் இருக்கிற ஐந்து செட்டையும் சாயங்காலத்துக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.

செல்வியின் கை இடுப்புக்குப் போய் பிளாஸ்டிக் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

காசிலிங்கத்துக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். “ஏம்மா செல்வி, அந்தம்மா எல்லாருக்கும்தானே சொல்லிச்சு? உன்னை யாரு திரும்பச் சொல்லச் சொன்னது?”

“கேட்ட பேச்சை எப்பிடி ஏட்டண்ணே வெச்சுக்கினு இருக்கறது?”

தட்சணாமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். குப்பத்து செட்டு பேசுவது தன் வண்டிக்கு நேராகக் கேட்பதே இல்லை. நடுவில் சவுக்குத் தோப்பும் மணல்மேடும் இருக்கிறது. அளம் வெட்டவெளி. செல்வி எடுத்துக் கொடுத்தால்தான் ரோட்டுக்கு வரும். “கொடுத்தது தப்பு இல்ல மேடம். நாலு பேரு கொடுத்ததுதான் தப்பு.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றார் மேடம்.

செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே மெல்ல யோசித்தாள். பிறகு தன் கரகரத்த குரலில் பேச ஆரம்பித்தாள். எல்லாரும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தால்தான் கேட்டது. அளத்தில் நாங்கள் நாலு பேர் கொடுப்பதே இல்லை, ஒருத்தி பலகை தூக்கினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வோம் என்றாள். இதில் யார் பலகை தூக்கியிருக்கிறார் என்று கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்றாள். இருசப்பன், அட ஆமாம் என்று தொடையில் தட்டிக்கொண்டார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

“பலகைக்குப் பதிலா பேரைச் சொல்லிட்டா என்னா மேடம்?” என்றாள் செல்வி. “‘செல்வி வாங்குறேன்’னு மொதல்ல சொல்லிடறது. ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம் பேச்சைக் கொடுக்கறது. பேரு கேட்டதும் மத்தவங்க கையை எடுத்துடணும்.”

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டார். நல்ல யோசனை, அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றார். ஒத்திகை அறிக்கை இன்றைக்கே போக வேண்டும் என்பதையும் சொன்னார்.

“நடந்ததைத்தான்மா நான் எழுத முடியும். நடக்கப்போறதை எழுத முடியாது.”

அதில் தப்பு சொல்ல யாருக்கும் வழியில்லை. மேடம் புதிதாகக் கட்டின மதகுப் பாலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திண்டிவனம் போவதாகக் கிளம்பினார். பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். செல்வி செட்டை அவிழ்த்து நீட்டியபோது காசிலிங்கம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

“சாயங்காலம்னுதான் மேடம் சொன்னாங்க. மணி ரெண்டுதான் ஆவுது. போய் வேலையைப் பாரு.”

பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மேடத்தின் டிரைவர் குறுக்கு வழியில் போகலாம் என்று அளத்து வரப்பில் ஜீப்பை விட்டார். பார்க்க ரோடு மாதிரிதான் இருக்கும். அது உப்புத் தண்ணீரில் ஊறின களிமண். ஆள் நடக்கத் தாங்கும், ஜீப் தாங்குமா? கடல் பக்கத்துப் பாத்திகளைத் தாண்டும்போது இடது சக்கரம் உள்ளே இறங்கியது. டிரைவர் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். வண்டி சரிந்து கதவுக்கும் சேற்றுக்கும் நடுவில் அந்தக் கால் மாட்டிக்கொண்டது.

ஜீப்பிலும் ஒரு செட்டு இருந்தது. ஆனால் அது மேடத்தின் இலாகாவுக்கென்று தனியாக வந்தது, அதில் பொதுச் சேனல் கிடையாது. விழுப்புரத்தில் இருந்தவர் எடுத்து, எந்த இடம், எந்த ஊர், எந்த ரோடு என்று கேட்டார். எந்த ரோடு என்று மேடம் சொல்வார்? சுற்றிலும் வெள்ளையாகப் பாத்திகள். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. மேடம் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியின் முன்பக்கம் ஏறி நின்று கத்தினார்.

முதலில் கேட்டது கடைசிப் பாத்தியில் இருந்த லூர்துமேரிக்கு. பலகையைத் தூக்கினாள். வாங்கினாள். மேற்கே திரும்பிக் கொடுத்தாள். அடுத்தவள் தூக்கினாள், வாங்கினாள், கொடுத்தாள். பேச்சு வரப்பு வரப்பாகத் தாண்டி செல்வி இருந்த வரிசைக்கு வந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவள், வழக்கம்போல் தனக்குத்தான் என்று வாயைத் திறந்துவிட்டாள்.

செல்வியின் பலகை மேலே போனது.

பதினெட்டு மாதம் கழித்துப் போனது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். முன்னும் பின்னும் இருந்தவர்கள் குனிந்த இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார்கள். செல்வி ஒரு கையில் பலகையைப் பிடித்தபடி மறு கையால் பட்டனை அழுத்தினாள்.

“செல்வி வாங்குறேன்.”

ஒரு மூச்சு விட்டாள்.

கொட்டகையில் இருசப்பனின் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் பட்டனுக்கு மேலே வந்து நின்றது. அவர் அந்தக் கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். குப்பத்தில் தெய்வநாயகி செட்டைக் கூடைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டாள். சேனலில் ஒரு சத்தம் இல்லை.

செல்வி கொடுத்தாள். “ஜீப்பு கடைசிப் பாத்தி வரப்புல சாஞ்சிடுச்சு. டிரைவர் கால் மாட்டிக்கிச்சு, எடுக்க முடியல. கயிறும் ஆம்புலன்ஸும் உடனே வேணும். இந்த ஆளு கண்ணை வீட்டுல வெச்சுட்டு வண்டி ஓட்டறான், இவனை நம்பி வந்த என்னைச் சொல்லணும்.”

வாங்கினதில் ஒரு சொல் குறைக்கக் கூடாது அல்லவா.

“காசிலிங்கம், சரி.”

“தட்சணாமூர்த்தி, சரி. கயிறு எடுத்தாச்சு. டிரைவர் காலை இழுக்க வேணாம், அப்படியே வெச்சிருக்கச் சொல்லு.”

“ஆம்புலன்ஸ், சரி.”

செல்வி அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள். அவள் கிழக்கே திரும்பிக் கூவினாள். திரும்புகிற பேச்சு வாய் மாறி வாய் மாறிக் கடைசிப் பாத்திக்கு வந்தபோது, லூர்துமேரி ஜீப்புக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டிருந்தாள். வண்டி கிளம்பிவிட்டது, காலை இழுக்க வேண்டாமாம் என்று சொல்லிவிட்டு, டிரைவருக்குத் தன் பானையிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். மேடம் மணி பார்த்தார். ஒன்பது நிமிஷத்தில் தீயணைப்பு வண்டி ரோட்டோரம் வந்து நிற்பது தெரிந்தது. அங்கிருந்து ஆட்கள் கயிறும் சேற்றில் போட அகலப் பலகையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காலை எடுத்துவிட்டார்கள். எலும்பு முறியவில்லை. நல்ல வீக்கம்தான்.

நாலு மணிக்கு எல்லாரும் மறுபடி கொட்டகையில் இருந்தார்கள். மேடத்தின் புடவை முழங்கால் வரைக்கும் சேறு. டிரைவர் கட்டுப்போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார்.

மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “நான் சொன்னது எல்லாத்தையுமா சொன்னாங்க?”

“ஒரு சொல்லு கொறையல மேடம்,” என்றார் தட்சணாமூர்த்தி.

“கண்ணை வீட்டுல வெச்சது வரைக்கும் எட்டு செட்டுலயும் வந்துதாம் மேடம்,” என்றார் டிரைவர்.

மேடம் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்காமல் பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, செட்டை முந்தானையால் துடைத்து, மேசைமேல் வைத்தாள். சாயங்காலம் என்றால் சாயங்காலம்தானே.

மேடம் அதைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். காலையில் எழுதினதை அடிக்கவில்லை. நாற்பத்திரண்டு நிமிஷம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே மணி, நிமிஷம், யார் கேட்டது, யார் கொடுத்தது, யார் சும்மா இருந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். இருசப்பன் கைமேல் உட்கார்ந்ததைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“நடந்ததைத்தான் எழுதணும்னு சொன்னேன்,” என்றார். “இதுவும் நடந்ததுதானே.” செட்டை எடுத்துச் செல்வியின் பக்கம் நகர்த்தி வைத்தார். “அஞ்சு செட்டும் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். நீங்க சொன்ன அந்தப் பேரு சொல்றது, அதை மொத விதியா போடறேன். ஜீப்லயும் ஏட்டய்யா ‘காசிலிங்கம் வாங்குறேன்’னுதான் சொல்லணும்.”

காசிலிங்கம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். மேடத்துக்கா, செல்விக்கா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கிளம்பும்போது மேடம் தன் ஜீப்பின் செட்டைத் தெய்வநாயகியிடம் காட்டினார். இதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள் என்றார். அதில் சேனலே இல்லையே, டெக்னீஷியன் வந்து போட்டால்தானே உண்டு என்றார் காசிலிங்கம். தெய்வநாயகி இடுப்பிலிருந்து நகப்பாலிஷை எடுத்துவிட்டிருந்தாள்.

“பொட்டு மொதல்ல வெச்சுடலாம் மேடம். சேனலு வந்து குந்திக்கும்.”

இருபது நாளில் அதுவும் வந்தது. காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிற பேர் ஒன்பதாயிற்று.

அதற்குப் பிறகு அளத்தில் ஒரு புதுத் தொல்லை. கிழக்கிலிருந்து எந்தப் பேச்சு கிளம்பினாலும் செல்வியின் பலகைதான் முதலில் மேலே போகும். ஒரு நாள் குடிதண்ணீர் தீர்ந்துபோய் லூர்துமேரி குரல் கொடுத்தாள். மூன்றாவது வாயில் பேச்சு வரும்போதே செல்வி பலகையைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் இடுப்பில் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். லூர்துமேரி அதைப் பார்த்துவிட்டு, அத்தனை தூரத்திலிருந்து இன்னொரு பேச்சு அனுப்பினாள். அது ஒரு சொல் குறையாமல் வந்து சேர்ந்தது.

“தண்ணிக்கெல்லாம் செட்டு கெடையாதுடி. பலகையை எறக்கு, நாங்களும் கொஞ்சம் கத்தறோம்.”

செல்வி பலகையை இறக்கி, அதன்மேல் சாய்ந்து நின்று, கரகரவென்று சிரித்தாள்.